ஆட்டுக்கு இல்லாத உறுப்பு

நைனா யாரையும் முகத்தைப் பார்த்து நலம் விசாரித்ததில்லை. விலாவைப் பார்த்துத்தான் விசாரிப்பார். கறி வாங்க வந்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலால் அவர் இடுப்புக்கு மேலே ஓர் அழுத்து அழுத்துவார். சந்தையில் கிடாவின் முதுகைப் பிடித்துப் பார்க்கிற அதே பிடி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"வாத்யாரே, சுவரொட்டி வீங்கிக்கீது. குளிர் ஜுரம் வருதா?"

வாத்தியாருக்கு அதுவரை வந்ததில்லை. ஆனால் அன்றைக்குக் கட்டாயம் வரும். நைனா சொல்லிவிட்டாரே.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூர் பஜாரில் என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே அவருடைய ஆட்டுக்கறிக் கடை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள், பேச்சில் கொஞ்சம் தெலுங்கு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நைனாதான். நானோ பெருமாள் கோயில் கைங்கர்யக் குடும்பம். வெங்காயமே வாசல்படி தாண்டாத வீடு. சுவரொட்டி என்றால் மண்ணீரல், குண்டிக்காய் என்றால் சிறுநீரகம் என்பதெல்லாம் தினமும் காலையில் கடைக் கதவைத் திறந்ததும் எதிரே தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நைனாவின் விளக்கவுரையோடு நான் கற்றுக்கொண்டது.

"மனுசன் இன்னா சாமி பெரிய மனுசன்? ரெண்டு கால்ல நிக்கிற ஆடு. உள்ள தெறந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"அதெப்படி நைனா ஒண்ணாகும்?"

"உனுக்கு டவுட்டே வரக்கூடாது. அதுவும் தழ துன்னுது, நீயும் தழ துன்ற. நாலு கால்ல நின்னீன்னா நானே உன்ன வெல கேப்பேன்."

அவருடைய வைத்திய முறை மிகவும் எளிமையானது. உடம்பில் எங்கே கோளாறோ, ஆட்டில் அந்த இடத்தைத் தின்ன வேண்டும். முட்டி வலிக்குக் கால். ரத்தம் போதாதவருக்குச் சுவரொட்டி. மூச்சு வாங்குகிறவருக்கு நுரையீரல். பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்கு மூளை. இதையெல்லாம் பலரும் சொல்வார்கள்தான். நைனா அதோடு நிற்க மாட்டார். வீட்டில் பேச்சு எடுபடாத ஒரு குமாஸ்தாவுக்கு நாக்காகப் பார்த்து மந்தார இலையில் கட்டிக் கட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் குமாஸ்தா தைரியமாக வீட்டில் வாயைத் திறந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு ஓட்டலில் என்று கேள்வி.

என் வியாபாரத்தில் பாதியை நைனா கெடுத்தார் என்றால் மீதியை என் அப்பா கெடுத்தார். எங்கள் ஊர்ப் பெருமாள் நோய் தீர்க்கிற பெருமாள். குளத்தில் வெல்லத்தைப் போட்டால் அது கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்று அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் நெரியும். "பெருமாளே கடை விரிச்சிருக்கற ஊர்ல உனக்கு எதுக்குடா தனியா ஒரு கடை?" என்று அப்பா என்னைக் கேட்பார். அந்த ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் முதலில் குளம், அடுத்து ஆடு, அப்புறம்தான் என் மாத்திரை.

நைனாவின் கடையில் இன்னும் மூன்று ஜீவன்கள் உண்டு. கறியை இலையில் கட்டித் தரும் அவர் மனைவி. கட்டை மேல் எலும்பு வெட்டும் மச்சான். அவன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வருகிறது, வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே வெட்டுவான். மூன்றாவது ஒரு நாய். ஆட்டைத் திறந்ததும் ஈரலும் மற்றதும் வரிசையாகக் கொக்கியில் ஏறும். குடலை உருவும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கொழுப்பா சவ்வா என்று சொல்ல முடியாத ஒரு வெளிறிய சதை வரும். நைனா அதைக் கிள்ளி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கம் எறிவார். தரையில் விழுவதற்குள் நாய் பிடித்துவிடும். அந்தத் துண்டுக்கு நாய்ப் பங்கு என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் பங்கு வாங்குவதால் நாய்க்குத் தாசில்தார் என்று பெயர். தாலுகா ஆபீஸ் பியூன் வந்து நிற்கும்போது, "தாசில்தாரே, வால ஆட்னது போதும், தள்ளிப் போ!" என்று நைனா கத்துவார். பியூன் பதறிப்போய் நாலு பக்கமும் பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு பங்குனியில் அரிப்பு ஆரம்பித்தது. கத்தியின் மொண்ணைப் பக்கத்தால் முதுகைச் சொறிந்துகொண்டே வியாபாரம் பார்த்தார். அவர் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்ததை எதிர்க்கடையிலிருந்து நான்தான் முதலில் பார்த்தேன். சொன்னேன்.

"தெரியும் சாமி. பித்தப்ப ஒடஞ்சிட்ச்சி." ஆட்டைத் திறக்கும்போது கத்தி தப்பிப் பித்தப்பையில் பட்டால் ஈரல் முழுக்க மஞ்சளாகி, வாயில் வைக்க முடியாமல் கசக்கும். தனக்கு உள்ளே அதுதான் ஆகியிருக்கிறது என்றார். மருந்தும் அவரே எழுதிக்கொண்டார்: ஈரல். நாஷ்டாவுக்கு ஈரல், மத்தியானம் ஈரல், சாயங்காலம் ஈரல். தின்னத் தின்ன இளைத்தார். இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சைப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு அவர் ஊர்ப் பக்கத்து நாட்டு வைத்தியரிடம் கீழாநெல்லி. பத்தியம்: உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, கறியை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது. கறிக்கடைக்காரர் கறியைப் பார்க்காமல் எப்படி வெட்டுவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டி எடை போட்டார். எங்கள் வீட்டிலிருந்து மோர்சாதம் போயிற்று. "உன் ஆளுங்கள்ள ஒர்த்தனா ஆயிட்டேன் பாரு சாமி, தலையெழுத்து" என்று புலம்பிக்கொண்டே தின்றார். என் அப்பா, பெருமாள் ஒரு கசாப்புக்காரரைத் தடுத்தாட்கொண்டுவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தார். மஞ்சள் மட்டும் இறங்கவில்லை.

தாகம், அடிக்கடி ஒன்றுக்கு என்றார். என் கடையில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற நீலத் தண்ணீர் உண்டு. கண்ணாடிக் குழாயில் அதோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நீலம் செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரைதான். நைனா அந்தக் குழாயையே உற்றுப் பார்த்தார்.

"ஆட்டுக்கும் இப்டி மாறுமா?"

"தெரியாது நைனா."

"பாத்துடலாம்."

ஓர் ஆட்டின் பின்னால் குவளையை ஏந்திக்கொண்டு கறிக்கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் பஜாரில் நடந்த காட்சியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள்; அவர்களிடம் எனக்கு இன்றும் மரியாதை கிடைப்பதில்லை. எப்படியோ பிடித்தோம். காய்ச்சினோம். நீலம் நீலமாகவே இருந்தது. நைனாவின் முகம் விழுந்துவிட்டது. ஆடும் மனுசனும் ஒன்றில்லை என்று அவருக்கு முன்னால் ஒரு சாட்சி நின்றது அதுதான் முதல் தடவை. குவளை கோணல், பிடித்தது சரியில்லை என்று என்னைத் திட்டினார்.

உள்ளூர் டாக்டர் அவர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ஊரையே அழுத்திய ஆளை ஒருவர் அழுத்துகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. பித்தப்பை வீங்கியிருக்கிறது, ஆனால் வலியில்லை. இது சாதாரணக் காமாலை இல்லை, எங்கேயோ அடைப்பு. உடனே மெட்ராஸ் போங்கள் என்றார். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் என்று நைனாவின் மனைவி என்னையும் ரயிலேற்றினார்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். "செவுத்துக்கு அடிக்கிறத எனுக்குக் குடுத்துட்டானுங்க" என்றார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சர்ஜன் எங்களை உட்காரச் சொன்னார்.

"வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு. அதோட தலைப் பக்கம் ஒரு கட்டி இருக்குமோன்னு சந்தேகம். அது பித்தக் குழாயை அமுக்குது. அதான் மஞ்சள், அதான் அரிப்பு. சர்க்கரைக்கும் அதுவே காரணமா இருக்கலாம். திறந்து பாத்தாத்தான் நிச்சயமா சொல்ல முடியும்."

நைனாவுக்கு முகம் மலர்ந்தது. "தெறந்து பாத்தாத்தான் தெரியும்னு சொன்னீங்க பாரு, அது பேச்சு! தொழில்காரன் பேச்சு. ஆனா டாக்டரே, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அது கெடியாது."

"எது கிடையாது?"

"கணயம். ஆட்டுக்கு அப்டி ஒண்ணு கெடியாது."

"ஆட்டுக்கும் இருக்கு, பெரியவரே."

"நீங்க எப்பனா ஒரு நாள் தெறப்பீங்க. நா தெனம் தெறக்கறேன். எனுக்குத் தெரியாம உள்ள ஒண்ணு ஒளிஞ்சிகினு இருக்க முடியுமா?"

பின்னால் நின்ற மாணவர்கள் குபீரென்று சிரித்தார்கள். நைனா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இல்லாத உறுப்பில் ஆபரேஷன் செய்துகொள்ள அவர் தயாராக இல்லை. அன்றைக்கே ரயிலேறித் திரும்பினோம்.

ரயிலில் அவர் முன்னால் குனிந்து, என் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் முதுகு வலி, குனிந்தால் தேவலை. நான் கோபமாக இருந்தேன். ஆட்டுக்கு இல்லையென்றால் என்ன, டாக்டர் பொய்யா சொல்கிறார் என்று சத்தம் போட்டேன். அவர் என் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"ஆட்டுல இல்லாத எடத்துல நோவு வந்தா, நா இன்னாத்தத் துன்றது சாமி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் வீம்பு பிடிக்கவில்லை, பயந்து போயிருந்தார். உலகத்தில் எல்லா வியாதிக்கும் ஒரு துண்டு வைத்திருந்தவரிடம் தனக்கு மட்டும் துண்டு இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் மனைவி தன் பங்குக்குக் கோயிலுக்குப் போனார். சந்நிதித் தெருவில் வெள்ளித் தகட்டில் உறுப்புகள் விற்பார்கள். கண், கை, கால், வயிறு. எது நோகிறதோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். கணையம் கொடு என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் அது ஏதோ புது நகை என்று நினைத்து ஆசாரியைக் கேட்கச் சொல்லிவிட்டார்.

"அப்பால இன்னா பண்ணீங்க?" என்றேன். அவரிடம் பேசினால் எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"வயித்தத்தான் சாமி வாங்கனேன். பின்னாடி கீதுன்னு டாக்டரு சொன்னாராமே, அதான் தகட்டத் திருப்பிப் போட்டுட்டேன்."

அப்பாவிடம் சொன்னேன். "பெருமாளுக்குப் புரியும்டா" என்றார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

நைனாவைச் சம்மதிக்க வைத்ததும் அந்த அம்மாள்தான். கடை நடுவில் நின்று, வாங்க வந்தவர்கள் எதிரிலேயே கேட்டார்: "எனுக்குத் தலவலி வந்தா தலக்கறி குடுத்த. கால் வலிச்சா கால் குடுத்த. நீ பூட்டா நா எந்த ஆட்டுல போயி உன்னத் தேடுறது?"

நைனா கத்தியைத் துடைத்து வைத்தார். ஆபரேஷனுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சர்ஜன் தன் கண்ணால் பார்த்து, அது உள்ளே இருக்கிறதா இல்லையா என்று கண் விழித்ததும் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் என்னையும் அந்த அம்மாளையும் தனியே கூப்பிட்டார். கேன்சர்தான் என்றார். கணையத்தின் தலையில் வந்து, பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியவில்லை. பித்தம் வேறு வழியாகக் குடலுக்குப் போகும்படி இணைத்துவிட்டோம், மஞ்சளும் அரிப்பும் போய்விடும், சில மாதம் நன்றாக இருப்பார் என்றார். அந்தக் காலத்தில் நோயாளியிடம் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. சொந்தக்காரர்களிடம் சொல்வார்கள், அவர்கள் விழுங்கிக்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

"அவுருகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லு சாமி. புத்துன்னு சொல்லிடாத. வெகுளி மன்சன், தாங்க மாட்டாரு."

மறுநாள் சர்ஜன் படுக்கைக்கு அருகே வந்ததும் நைனா கேட்ட முதல் கேள்வி, "இருந்திச்சா?"

"இருந்தது."

"ஆட்டுக்கும்?"

"ஆட்டுக்கும்தான். வயிறு முடிஞ்சு குடல் ஆரம்பிக்கிற வளைவு இருக்கில்ல, அதுக்குள்ள பாருங்க."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றைக் கிழித்த வலியைவிட இது அவருக்குப் பெரிய வலி.

ஊருக்கு வந்தார். சொன்னபடி மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. மறுபடியும் ஊர்க்காரர்களின் விலாவை அழுத்த ஆரம்பித்தார். உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எதிர்க்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"சாமி, வா. இன்னிக்கு அத்தப் புடிக்கிறோம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கறிக்கடைக்குள் கால் வைத்தேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் பின்கட்டில் அடுப்பை மூட்டி, கையில் இருப்புச் சட்டியோடு வாசலில் தயாராக இருந்தார். நைனா வழக்கம்போலக் குடலை உருவவில்லை. மெதுவாக வயிற்றை ஒதுக்கி, அந்த வளைவைத் தேடி, விரலால் விலக்கினார்.

முதலில் அடையாளம் கண்டுகொண்டது தாசில்தார். எழுந்து நின்று, வாலை ஆட்டி, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

நைனா நாயைப் பார்த்தார். ஆட்டுக்குள் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார்.

"அடப் பாவி! நாய்ப் பங்கு!"

தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாத்தியும் வித்துட்டு, மருந்த மட்டும் நாய்க்குப் போட்டுக்கினு இருந்துக்கீறேனே சாமி! அதான் இவனுக்கு இத்தினி வருசத்துல ஒரு தும்மல்கூட வரல பாரு!" மச்சான் சிரித்தான். நானும் மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தேன்.

நைனா அதைத் தனியே எடுக்கக் கத்தியை வைத்தார். இவ்வளவு நாளும் பிய்த்து எறிந்ததைப் பக்குவமாக அறுத்துப் பார்க்கிறாரே, அதனால் நிதானமாகப் போனது கத்தி. பாதியில் நின்றது. அடியில் விரலை விட்டுத் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

"சாமி, இங்க பாரு. இது பெரிய ரத்தக் கொழா. அதும்மேலயே இது படுத்துக்கினு கீது." குரலை இன்னும் தாழ்த்தினார். "இந்த எடத்துல கட்டி வந்து ஒட்டிக்கினா எப்டி எடுப்பான்? கத்தி வெச்சா மொத்தமும் பூடும். என்னோடத எடுக்கலதான?"

நான் கொக்கியில் தொங்கிய ஈரலைப் பார்த்தேன்.

"சொல்லாத. உன் மூஞ்சியே சொல்லுது. அந்த டாக்டரு நல்ல தொழில்காரன். நானா இருந்தாலும் தெச்சித்தான் அனுப்பியிருப்பேன்."

வாசலிலிருந்து அந்த அம்மாள் கேட்டார். "கெடச்சிதா?"

நைனா திரும்பினார். பஜாருக்கே கேட்கிற குரலில், "கெடச்சிதுமே! மொளகு தூக்கலாப் போட்டு வறு. இத்தத் துன்னா எல்லாம் சரியாப் பூடும்!" என்றார்.

"எத்தினி நாளிக்கித் துன்னணும்?" என்று கேட்டுச் சட்டியை நீட்டினார் அவர்.

"நீ வறுத்துப் போடற வரிக்கும்."

நைனாவுக்குத் தெரியும் என்று அந்த அம்மாள் நினைக்கவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரியும் என்று நைனா நினைக்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன்.

அதற்குப் பிறகு கடை திறந்த நாளெல்லாம் அவருக்கு அந்தத் துண்டுதான். எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "த்தூ, ருசியே இல்ல. இந்த நாயி எப்டித்தான் துன்னுச்சோ" என்று என்னிடம் சொல்வார். மனைவி எட்டிப் பார்த்தால் விரலை நக்கிக் காட்டுவார். சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தால் அரைத் துண்டு கொடுத்து, டாக்டரே சொன்னது என்பார். தாசில்தார்தான் பாவம். பரம்பரைச் சொத்து கைமாறியது அதற்குப் பிடிக்கவில்லை. ரோஷத்தோடு சாலையைக் கடந்து என் கடைப் படியில் வந்து படுத்துக்கொண்டு, அங்கிருந்தபடி நைனாவை முறைக்கும். "மூணு மாசம் பொறுத்துக்கடா, எல்லாம் உனுக்குத்தான்" என்று அவர் கத்துவார். கேட்டவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு மட்டும் கையில் எண்ணிக்கொண்டிருக்கும் மாத்திரை தப்பிப் போகும்.

ஐப்பசி மழையில் போனார். கடைசி வரை ஊரில் ஒருவர் விடாமல் அழுத்திவிட்டுத்தான் போனார். பாடையைத் தூக்க வந்த வாத்தியார், தன் விலாவைத் தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்தார்கள். கும்மிடிப்பூண்டிக்குப் போகாத மச்சான்தான் ஆட்டைத் திறந்தான். நைனாவின் பழைய பழக்கப்படி குடலை ஒரே உருவாக உருவினான். ஒட்டிக்கொண்டு வந்ததைக் கிள்ளி, பார்க்காமலே பின்பக்கம் எறிந்தான். என் படியில் படுத்திருந்த தாசில்தார் எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது சாலையைக் கடந்ததும் தெரியவில்லை. தரையில் விழுவதற்குள் பிடித்துவிட்டது. ஒரே விழுங்கு. அடுத்தது எங்கே என்று அண்ணாந்து பார்த்தது. அந்த நாய் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் மாத்திரை டப்பாவை எடுத்து எறிந்திருப்பேன்.

அந்த அம்மாள் இலையில் கறி கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தி நாயைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதன் விலாவில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார்.

"துன்னுடா. நீயாச்சும் நல்லாரு."